வருகைக் குறைவுக்குக் கட்டணம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவத் தேர்வு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது நம் கலை, அறிவியல் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டப்படும். பதிவெண், பெயர், வருகை விழுக்காடு, செலுத்த வேண்டிய தொகை என்று கட்டம் போட்ட அந்தப் பட்டியலில் பெயர் வந்துவிட்ட மாணவர், தொகையைக் கட்டி, மருத்துவச் சான்றிதழை இணைத்து, வகுப்புப் பொறுப்பாசிரியர், துறைத் தலைவர், முதல்வர் என்று வரிசையாகக் கையொப்பம் வாங்கினால்தான் ஹால் டிக்கெட் கைக்கு வரும். மாணவர்கள் 'காண்டனேஷன்' என்று சொல்லும் இந்தக் கட்டணத்தை நீக்க வேண்டும் என்பதும், அதற்கு அடிப்படையாக உள்ள வருகைப் பதிவு விதிகளையே பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் திருத்தி எழுத வேண்டும் என்பதும் இக்கடிதத்தின் வேண்டுகோள். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் வகுப்புப் பொறுப்பாசிரியராக இருந்து வருகைப் பதிவேட்டைக் கையாண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குக் கல்லூரி சிறு வேறுபாடு இருந்தாலும், தமிழகத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் நடப்பில் உள்ள வடிவம் இதுதான். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று கொண்டால், அதில் 75 விழுக்காடு, அதாவது 68 நாள் வந்தவருக்குத் தேர்வெழுதத் தடையில்லை. 65-க்கும் 75-க்கும் இடைப்பட்டவர் காரணம் காட்டி, கட்டணம் செலுத்தித் தேர்வெழுதலாம். 50-க்கும் 65-க்கும் இடைப்பட்டவர் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது. அடுத்த வாய்ப்பில்தான் எழுத வேண்டும். 50-க்குக் கீழே போனால் அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டும். மாணவர் பேச்சில் இதற்கு 'ரீடூ' என்று பெயர். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பொறியியல் கல்லூரிகளில் இன்னும் கடுமை: மருத்துவக் காரணம், விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்காக 65 வரை விலக்கு உண்டு, அதற்கும் குறைந்தால் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்குப்படி 22 நாள் வராமல் இருந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 23 முதல் 31 நாள் வரை வராதவர் பணம் கட்டுகிறார். அந்தப் பணம் எதற்கான விலை என்று கேட்டால் எந்தக் கல்லூரி அலுவலகமும் நேரான விடை சொல்லாது. தவறிய பாடத்தைத் திரும்ப நடத்துவதற்கான செலவு என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கும். ஆனால் அந்தத் தொகை தேர்வுக் கணக்கில் சேர்வதைப் பார்த்திருக்கிறேனே தவிர, அதைக்கொண்டு ஒரு மணி நேர ஈடுசெய் வகுப்பு நடந்ததை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. வகுப்புக்கு வராதது குற்றம் என்றால் அதைப் பணத்தால் போக்க முடியாது. குற்றமில்லை, நோயும் வறுமையும்தான் காரணம் என்றால் அதற்குத் தண்டம் விதிப்பது கொடுமை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் இந்தக் கட்டணத்துக்கு இடமில்லை.

கட்டணத்தோடு சேர்த்துக் கேட்கப்படும் மருத்துவச் சான்றிதழின் கதை அதைவிட மோசம். உண்மையாகவே நோயுற்ற மாணவர் பெரும்பாலும் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிச் சீட்டோடு வருவார். 'இது செல்லாது, உரிய படிவத்தில் வாங்கி வா' என்று அவரைத் திருப்பி அனுப்புவார்கள். நோயே இல்லாதவர் உரிய படிவத்தில், முத்திரையோடு, மறுநாளே கொண்டுவந்துவிடுவார். ஒரே கையெழுத்தில், ஒரே தேதியிட்டு, ஒரே வகுப்பைச் சேர்ந்த சிலருக்கு ஒருசேர மஞ்சள் காமாலை வந்ததாகச் சொல்லும் சான்றிதழ்களை அடுக்கி வைத்துக் கையொப்பமிட்ட அனுபவம் என்னைப் போன்ற எந்த ஆசிரியருக்கும் இருக்கும். வேலைக்குப் போனதால் வரவில்லை, தாயை மருத்துவமனையில் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாததால் வரவில்லை என்று உண்மையைச் சொல்ல அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் 'நோய் என்று எழுதினால் தேர்வு, உண்மையை எழுதினால் தடை' என்று சொல்லும் ஓர் ஏற்பாட்டுக்குக் கல்வி நிறுவனம் காவலாக நிற்பது எனக்கு இன்றைக்கும் உறுத்தலாகவே இருக்கிறது.

இனி, விழுக்காடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வெளியில் இருப்போர் கவனிக்காத இடம் இதுவே. கல்லூரி வருகைப் பதிவேட்டில் ஒரு நாளுக்கு ஐந்து கட்டம், ஐந்து மணி வேளைக்கு. வராத மணி வேளையில் மட்டும் குறியிடுவோம். ஆனால் பல கல்லூரிகளில் முதல் மணி வேளைக்கு வராதவருக்கு முற்பகல் முழுவதும் வரவில்லை என்று, அரை நாளாகக் கழிப்பது வழக்கம். பக்கத்து ஊர்களிலிருந்து ஒரே அரசு நகரப் பேருந்தை நம்பி வரும் மாணவியை எடுத்துக்கொள்வோம். அந்தப் பேருந்து வாரத்தில் மூன்று நாள் தாமதமாகிறது. அவர் இரண்டாம் மணி வேளைக்கு உள்ளே வந்து அமர்ந்துவிடுகிறார். வாரத்துக்கு ஐந்து நாள் என்று 18 வாரத்தில் 54 முற்பகல். அரை நாள் கணக்கில் 27 நாள். அவர் வருகை 70 விழுக்காடு என்று பட்டியலில் ஏறுகிறது. கட்டணம் கட்ட வேண்டும். இல்லாத நோய்க்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். உண்மையில் அவர் தவறவிட்டது மொத்தம் 450 மணி வேளையில் 54 மட்டுமே; 88 விழுக்காடு வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டிருக்கிறார். மணி வேளையாகக் கணக்கிட்டால் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. 2021 முதல் அரசு நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் கொடுத்து, 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கொடுத்து, 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் அதே தொகையைக் கொடுத்துக் கல்லூரிக்கு அழைத்துவரும் அரசு ஒருபுறம். அதே பிள்ளைகள் பேருந்தின் தாமதத்துக்காகத் தண்டம் கட்டும் ஏற்பாடு மறுபுறம்.

இந்த விதியில் சிக்குவோர் யார் என்று பதிவேட்டைப் புரட்டினால் ஓர் ஒழுங்கு தென்படும். அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு சுழற்சிகளாக வகுப்பு நடக்கிறது. முற்பகல் சுழற்சியில் படிப்போர் மதியத்துக்குமேல் ஜவுளிக் கடையிலும் உணவு விநியோகத்திலும் அச்சகத்திலும் வேலை செய்கிறார்கள். பிற்பகல் சுழற்சியில் படிப்போர் விடியற்காலையில் பால், செய்தித்தாள், காய்கறிச் சந்தை என்று போய்விட்டு வருகிறார்கள். தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம் ஜவுளிக் கடை வேலைக்குப் போன பிள்ளைகளின் வரிசையில் கட்டங்கள் நிறைந்திருக்கும். டெல்டா மாவட்டங்களில் தை அறுவடையின்போதும் இதே நிலைதான். இவர்கள் ஊர் சுற்றியவர்கள் அல்லர். ஊர் சுற்றுவோரும் உண்டு, மறுக்கவில்லை; ஆனால் அவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள், 22 நாளைத் தாண்டமாட்டார்கள்.

'ஓ.டி.' என்று சொல்லப்படும் பணி நிமித்த விலக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு, கலைவிழா ஆகியவற்றுக்குச் செல்வோருக்கு அந்த நாட்கள் வருகையாகவே கணக்கிடப்படுகின்றன, அது சரியே. நிறுவனர் நாள் விழாவில் நாற்காலி தூக்கிப் போடுவதற்கும் ஓ.டி. உண்டு. தாய்க்கு டயாலிசிஸ் செய்ய வாரம் இருமுறை அழைத்துச் செல்லும் மகனுக்கு மட்டும் அது கிடையாது.

இதையெல்லாம் படிப்பவர் நான் வருகைப் பதிவே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர அப்பா, அம்மா இல்லை, பயிற்சி மையம் இல்லை. அவருக்கு வகுப்பறை ஒன்றே கதி. வேதியியல் ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்யாமல் ஒருவர் பட்டம் வாங்கிவிட முடியாது. மொழி வகுப்பில் வாய்விட்டுப் படிக்காதவருக்கு யாப்பு வராது. வசதியான வீட்டுப் பிள்ளை வகுப்புக்கு வராவிட்டாலும் கைபேசியில் பார்த்துப் படித்துத் தேறிவிடுவார். விதியை முற்றாக எடுத்துவிட்டால் முதலில் வழுக்கி விழப்போவது வசதியற்றவர்தான் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை, பிள்ளையை வகுப்புக்கு வரவழைப்பதற்கான காரணமே ஒழிய, வர முடியாமற்போன பிள்ளையைத் தேர்வறை வாசலில் நிறுத்துவதற்கான காரணம் ஆகாது. அவர் தவறியது 40 நாள் என்றால், தேர்வையும் சேர்த்துத் தவறவைப்பதால் அந்த 40 நாளில் ஒன்றாவது திரும்பி வருமா?

இதிலும் ஒரே குறைக்கு இரட்டைத் தண்டனை. அக மதிப்பெண்ணில் வருகைக்கென்று ஒரு பங்கு பல கல்லூரிகளில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வருகை குறைந்தவர் அங்கே மதிப்பெண் இழந்துவிடுகிறார். பிறகு அதே குறைக்காகக் கட்டணமும் கட்டுகிறார். வகுப்புக்கு ஆசிரியரே இல்லாத மணி வேளைகளுக்கு யார் கட்டணம் கட்டுவது என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே ஓடும் அரசுக் கல்லூரிகளில் பருவம் தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் சில பாடங்களுக்கு ஆள் வருகிறார். அந்த நாட்களில் மாணவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாலும் வருகை உண்டு. குறும்பாகக் கேட்டார் என்று சிரித்துவிட்டுப் போய்விடக்கூடிய கேள்வி அன்று.

நாட்டின் பிற பகுதிகளில் இந்த விதி அசையத் தொடங்கிவிட்டது. தில்லியில் 2016-இல் சட்ட மாணவர் ஒருவர், வருகைக் குறைவைக் காட்டித் தேர்வெழுத அனுமதி மறுக்கப்பட்டதைத் தொடர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்து, பின்னர் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு மாற்றிய அந்த வழக்கில் 2025 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வருகைக் குறைவை மட்டும் காரணம் காட்டிச் சட்டக் கல்லூரி மாணவர் எவரையும் தேர்வெழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்றும், வாரந்தோறும் வருகை நிலையை மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், குறைவு இருந்தால் மாதந்தோறும் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும் என்றும், குறைந்தவர்களுக்குக் கூடுதல் வகுப்பு நடத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகும் குறைந்தால் மதிப்பெண்ணில் அதிகபட்சம் 5 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம் என்பது அது காட்டிய வழி. அந்தத் தீர்ப்பு சட்டக் கல்லூரிகளைப் பற்றியதுதான். ஆயினும் அதில் சொல்லப்பட்ட முறை வணிகவியலுக்கும் விலங்கியலுக்கும் பொருந்தாமல் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கேரளம் வேறொரு வழியில் நகர்ந்தது. 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவியருக்கு மாதவிடாயை முன்னிட்டு வருகையில் கூடுதலாக 2 விழுக்காடு விலக்கு அளித்தது. அதே மாதத்தில் கேரள அரசு அதை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் விரித்து, மாணவியருக்கு 73 விழுக்காடு போதும் என்று ஆணையிட்டது. பிள்ளைப்பேற்றுக்கு 60 நாள் வரை விடுப்பும் உண்டு. பெண் கல்விக்கு முன்னோடி என்று பெருமை பேசும் நாம் இதில் பின்தங்கியிருக்கிறோம். திருமணமானபின் படிப்பைத் தொடரும் மாணவியர் நம் முதுகலை வகுப்புகளில் எத்தனையோ பேர். அவர்களுக்கு வருகையில் தளர்வும் மகப்பேறு விடுப்பும் அளிக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரிலேயே கடிதம் எழுதியும், கல்லூரி அளவில் அது 'முதல்வரின் கருணை'யாகவே கையாளப்படுகிறது.

'கருணை' என்ற இந்தப் பழக்கமே முறையின் ஆணிவேர். எழுத்தில் காரணம் கேட்டு, எழுத்தில் முடிவு சொல்லும் வழக்கம் வந்துவிட்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாளில் அது தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் மாணவர் மேலும் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாளில் தீர்க்க வேண்டும். இதைப் பற்றிக் கேள்விப்பட்ட மாணவரை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். ஹால் டிக்கெட் பிரச்சினை தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் வெடிக்கிறது என்பதால், 15 வேலை நாளில் அறிக்கை என்பதும் காலம் கடந்த மருந்தே. ஆகவேதான் வருகைக் கணக்கை மாதக் கடைசியில் மாணவருக்குக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும் என்கிறேன். பருவத்தின் முதல் மாதத்திலேயே எட்டு நாள் குறைந்தவரை அழைத்து 'என்னப்பா, என்ன ஆயிற்று?' என்று கேட்டுவிட்டால், அவருக்குப் பிற்பகல் சுழற்சிக்கு மாற்றம் வேண்டுமா, விடுதியில் இடம் வேண்டுமா, அல்லது வெறும் சோம்பலா என்பது தெரிந்துவிடும். ஐந்து மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டுவதில் அந்த அறிவு கிடைக்காது.

இன்னொரு குறை கண்ணில் படாமலே கிடக்கிறது. சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் கையொப்பமிடும் உறுதிமொழியும், கல்லூரிக் கையேட்டில் உள்ள வருகை, தேர்வு விதிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, தமிழ்வழியிலேயே வரலாறோ பொருளியலோ படிக்க வந்த பிள்ளை, தன்னைத் தேர்விலிருந்து விலக்கக்கூடிய விதியை வாசிக்க முடியாமலே அதற்குச் சம்மதம் எழுதிக் கொடுக்கிறார். அவருடைய தந்தை பெருவிரல் ரேகை வைக்கிறார். கையேட்டை அச்சடிக்கும் செலவில் ஆறு பக்கம் தமிழில் சேர்ப்பதற்குக் கல்லூரி நிருவாகங்களுக்கு என்ன தடை என்று தெரியவில்லை.

மாற்றத்தை எங்கே தொடங்குவது என்றால், தன்னாட்சிக் கல்லூரிகள் நாளையே தொடங்கலாம். தேர்வு விதிகளைத் தங்கள் கல்விக் குழுவில் வைத்துத் திருத்திக்கொள்ளும் உரிமை அவற்றுக்கு உண்டு. இணைவுக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகமே வழி திறக்க வேண்டும். 2023-இல் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கெல்லாம் பொதுப் பாடத்திட்டம் வகுக்க முனைந்து எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்ட மாநில உயர்கல்வி மன்றம், பாடத்தில் கைவைப்பதை விட்டுவிட்டு, இப்படியொரு மாதிரி வருகை விதியை வகுத்துக் கொடுத்திருந்தால் ஆசிரியர்களே வரவேற்றிருப்பார்கள். வருகை மணி வேளையாகக் கணக்கிடப்பட வேண்டும்; தாமதம் அந்த மணி வேளையோடு முடிய வேண்டும். வருகைக் குறைவுக் கட்டணம் அறவே நீக்கப்பட வேண்டும். நோய், பிள்ளைப்பேறு, குடும்பத்தில் இறப்பு, நோயாளியைப் பேணுதல், பிழைப்புக்கான வேலை ஆகியவை உரிய காரணங்களாக ஏற்கப்பட்டு, சான்றாக வெளிநோயாளிச் சீட்டோ முதலாளியின் கடிதமோ போதும் என்று எழுதப்பட வேண்டும். குறைந்த மணி வேளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஈடுசெய் வகுப்போ, நூலகத்தில் அமர்ந்து எழுதும் ஒப்படைப்போ கொடுத்து, அதை முடித்தவரைத் தேர்வெழுத அனுமதிக்க வேண்டும். ஆய்வகப் பாடங்களுக்கு மட்டும் கண்டிப்பு இப்போதுள்ளபடியே இருக்கட்டும். பருவத்தைத் திரும்பப் படிக்கச் சொல்லும் முடிவை முதல்வர் தனித்து எடுக்காமல், குறைதீர்ப்புக் குழுவின் முன் மாணவரின் தரப்பைக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். ஏனென்றால் அந்த முடிவோடு பல பிள்ளைகளின் படிப்பே நின்றுவிடுகிறது, இடைநிற்றல் இல்லாமல் படிப்போருக்கு மட்டும் கிடைக்கும் மாத உதவித்தொகையும் கூடவே போய்விடுகிறது.

ஈடுசெய் வகுப்புக்கு ஆசிரியர்கள் கூடுதல் நேரம் எப்படி ஒதுக்குவார்கள் என்று என் முன்னாள் சக ஆசிரியர்கள் கேட்பது காதில் விழுகிறது. சனிக்கிழமை வகுப்புக்கு மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களுக்கு அது கட்டாயம் கிடைக்க வேண்டும். அந்தச் செலவை அரசு ஏற்பதே முறை.

உயர்கல்வித் துறை அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை அறிவிப்புக்கு முன்பாகவே இது குறித்து ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் எனவும், அதுவரை நடப்புப் பருவத்தில் கட்டணம் செலுத்த இயலாத காரணத்தால் மட்டும் எந்த மாணவருக்கும் ஹால் டிக்கெட் மறுக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் எனவும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இணைப் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.